பந்தி பிரியும் இடத்தில் சகோதரத்துவம் இல்லை

கொல்கத்தாவில் பயிலும் வெளிமாநில ஆய்வு மாணவர்களின் குழுக்களில் சில நாள்களாக ஓர் அறிவிப்பு சுற்றி வருகிறது. மொழி, மதம், மாநிலம் கடந்த 'பன்மைப் பண்பாட்டு மாணவர் சகோதரத்துவ அமைப்பு' ஒன்று தொடங்கப்படுகிறதாம். குருதிக்கொடை முகாம், குளிர்காலத்தில் நடைபாதைவாசிகளுக்குக் கம்பளி, ஞாயிறுதோறும் சேரிக் குழந்தைகளுக்குப் பாடம், மாதம் ஒருமுறை மாநிலத்துக்கு ஒரு கடை வைத்து உணவுத் திருவிழா. எல்லாம் நன்று. அறிவிப்பின் இறுதியில் மட்டும் ஒரு சிறு வரி: உறுப்பினர் விருந்துகளில் சைவ உணவினருக்குத் தனி மேசையும் தனிப் பாத்திரங்களும் ஒதுக்கப்படும். ஏன் என்று கேட்டேன். 'நிர்வாக வசதி' என்று பதில் வந்தது. அந்த இரு சொற்களுக்கு மறுப்பாகவே இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். இத்தகைய அமைப்பு தேவை என்பதில் எனக்கு ஐயமில்லை. தமிழரும் மணிப்புரியரும் சந்தாலியரும் மலையாளிகளும் ஒரே ஆய்வகத்தில் ஐந்தாண்டு உழைத்தும் ஒருவர் வீட்டை ஒருவர் அறியாமல் பிரிந்து போகிறோம். வாடகைக்கு அறை தேடும் முஸ்லிம் மாணவரின் பெயரைக் கேட்டதும் சில கதவுகள் மூடிக்கொள்வதை இந்நகரில் அறியாதவர் இல்லை. ஆகவே அமைப்பு வேண்டும். எந்த அடித்தளத்தின்மேல் என்பதே என் கேள்வி.

இக்கேள்விக்கு இந்நகரமே ஒரு விடையை வைத்திருக்கிறது. 1911இல் டாக்கா அருகிலுள்ள ஒரு சிற்றூரிலிருந்து மேகநாத் சாகா பிரெசிடென்சி கல்லூரியில் சேர்ந்தார். ஈடன் இந்து விடுதியில் தங்கினார். தங்களுடன் ஒரே கூடத்தில் அவர் உண்பதை உயர்சாதி மாணவர் சிலர் எதிர்த்தனர். சரஸ்வதி பூசையிலும் அவர் விலக்கி நிறுத்தப்பட்டார். பின்னர் அவர் விடுதியை நீங்கிக் காலேஜ் ஸ்ட்ரீட்டில் ஒரு மெஸ்ஸுக்குக் குடிபெயர்ந்தார். 1920இல் விண்மீன்களின் நிறமாலையை விளக்கும் அயனியாக்கச் சமன்பாட்டை உலகுக்கு அளித்தவர், அதற்குச் சில ஆண்டுகள் முன்புவரை தம் வகுப்புத் தோழர்கள் பந்தியில் உட்காரத் தகாதவராகக் கருதப்பட்டார்.

இந்நிகழ்வில் தமிழ் வாசகர் கவனிக்கவேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. வங்காளத்தில் பிராமணரும் மீன் உண்பர். ஆகவே அந்தக் கூடத்தில் சண்டை சைவத்துக்கும் அசைவத்துக்கும் இடையே நிகழவில்லை. விலக்கப்பட்டவரின் தட்டிலும் விலக்கியவர்களின் தட்டிலும் இருந்தது பெரும்பாலும் ஒரே மீன்குழம்புதான். யாருடைய அருகில் யார் அமர்வது என்பதே அங்கு வழக்கு. இந்நகர மெஸ்களில் சமையற்காரரை 'டாக்கூர்' என்று அழைக்கும் பழைய வழக்கமும் இதன் எச்சமே: பிராமணர் சமைத்தால் எவரும் உண்ணலாம் என்பது ஏற்பாடு. 'உணவு அவரவர் விருப்பம்' என்று இன்று சொல்கிறவர்கள் இதை எண்ணிப் பார்க்கவேண்டும். தட்டில் இருப்பது விருப்பமாக இருக்கலாம். மேசையைப் பிரிப்பது விருப்பத்தின் பாற்பட்டதன்று. அது மற்றவரைப் பற்றிய ஒரு தீர்ப்பு.

'சேவையில் இறங்கினால் இவையெல்லாம் தாமே கரையும்' என்பது அமைப்பாளர்களின் நம்பிக்கை. வரலாறு அவ்வாறு கூறவில்லை. 1899இல் கொல்கத்தாவைப் பிளேக் தாக்கியபோது சகோதரி நிவேதிதாவும் ராமகிருஷ்ண மிஷன் துறவியரும் தெருக்களைக் கூட்டினர். நிவேதிதா மாணவர்களையும் அப்பணிக்கு அழைத்தார். 1913இல் தாமோதர் ஆறு பெருக்கெடுத்தபோது நிவாரணத்துக்குச் சென்ற மாணவர்களுள் சாகாவும் ஒருவர். 1922இல் வடவங்காளம் மூழ்கியபோது பிரஃபுல்ல சந்திர ராய் தலைமையில் திரண்ட பெரும் நிவாரணப் பணியில் சுபாஷ் சந்திர போஸ் களத்தில் நின்றார். வங்க மாணவர் உலகம் சேவையில் எவருக்கும் பின்தங்கியதில்லை. ஆயினும் அந்தச் சேவையுணர்ச்சியும் பிரிந்த பந்தியும் ஒரே தலைமுறையில், ஒரே நகரத்தில் அருகருகே வாழ்ந்தன. இரண்டுக்கும் முரண்பாடு இருப்பதாகப் பலருக்குத் தோன்றவேயில்லை. காரணம் எளிது. சேவை பெறுபவர் தொலைவில் இருக்கிறார். கம்பளியை அளித்துவிட்டுத் திரும்பிவிடலாம். பக்கத்து இலையில் அமர்பவர் நாளையும் அங்கேதான் அமர்வார்.

தமிழராகிய நாம் இதை வங்காளத்தின் குறையென்று ஒதுக்க இயலாது. வ.வே.சு. ஐயர் தொடங்கிய சேரன்மாதேவி குருகுலத்தை நினைவுகூர்க. தேசியக் கல்விக்கென எழுந்த நிறுவனம்; தமிழ்நாடு காங்கிரஸ் பத்தாயிரம் ரூபாய் தருவதாக உறுதியளித்து ஐயாயிரம் கொடுத்திருந்தது. அங்கே பிராமணச் சிறுவர் இருவர் மட்டும் தனியே உண்டனர். பெற்றோர் கேட்டுக்கொண்டனர் என்பது விளக்கம். அன்றைய 'நிர்வாக வசதி' அதுதான். வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் எழுப்பிய எதிர்ப்பு 1925இல் தமிழக அரசியலின் திசையையே மாற்றத் துணைசெய்தது. இரு சிறுவரின் இலைக்காக இத்தனை ஆரவாரமா என்று அன்றும் கேட்டார்கள். ஒரு நிறுவனம் எதைத் தன் விதிவிலக்காக ஏற்கிறதோ அதிலிருந்துதான் அதன் கொள்கையை அறிகிறோம்.

பழங்கதை என்பீர்களாயின், 2018 டிசம்பரில் சென்னை ஐஐடி உணவகம் ஒன்றில் சைவருக்குத் தனி வாயில், தனிக் கைகழுவுமிடம் என்று அறிவிப்பு ஒட்டப்பட்டு, எதிர்ப்புக்குப் பின் அகற்றப்பட்டது. 2023இல் மும்பை ஐஐடி விடுதி உணவகங்களில் சைவருக்கென ஆறு மேசைகள் ஒதுக்கப்பட்டன. அங்கு அமர்ந்து இறைச்சி உண்டு எதிர்ப்புத் தெரிவித்த மாணவருக்கு 10,000 ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது.

சேவை போதாது, சேர்ந்து வாழ்தல் வேண்டும் என்பர். அதிலும் எச்சரிக்கை தேவை. 2023 ஆகஸ்டில் யாதவ்பூர் பல்கலைக்கழக விடுதி மாடியிலிருந்து விழுந்து முதலாண்டு மாணவர் ஒருவர் உயிரிழந்தார். ராகிங் குற்றச்சாட்டில் முன்னாள், இந்நாள் மாணவர்கள் கைதாயினர். முற்போக்கு அரசியலுக்குப் பெயர்பெற்ற வளாகம் அது. மூத்தவர் இளையவரை 'நம்மில் ஒருவராக' ஆக்கும் சடங்கு இழிவுபடுத்தலின் வழியே நிகழுமானால், அங்கே உருவாவது அடுத்த ஆண்டு தாமும் இழிவுபடுத்தக் காத்திருக்கும் ஒரு வரிசை.

அறிவிப்பில் அமெரிக்க மாணவர் சகோதரத்துவச் சங்கங்கள் முன்மாதிரியாகக் காட்டப்பட்டுள்ளன. அவ்வரலாற்றையும் முழுதாகப் படிப்போம். வெள்ளையர் சங்கங்களில் இடமற்ற கறுப்பின மாணவர்கள் 1906இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஆல்ஃபா ஃபை ஆல்ஃபாவைத் தோற்றுவித்தனர். வெளியே நிறுத்தப்பட்டவர்கள் தமக்கென ஒரு வீட்டைக் கட்டிக்கொண்டார்கள். நம் அறிவிப்போ உள்ளே இருப்பவர்கள் எழுதியது. நம் நாட்டிலும் சகோதரத்துவம் என்னும் சொல்லை அரசியலமைப்பின் முகப்புரையில் நிலைபெறச் செய்தவர் அம்பேத்கர். அரசியல் நிர்ணய சபைக்கு அவர் முதலில் தேர்வானது இதே வங்காளத்திலிருந்து, ஜோகேந்திரநாத் மண்டல் முதலியோரின் ஆதரவால். சகோதரத்துவம் இன்றேல் சுதந்திரமும் சமத்துவமும் மேற்பூச்சாகவே நிற்கும் என்று அவர் எச்சரித்தார்.

உணவுத் திருவிழாவைப் பற்றியும் ஒரு சொல். லேக் மார்க்கெட் பகுதியின் இட்லி, தோசை, வடைதான் இந்நகரத்துக்குத் தமிழகத்தின் சமையல். நம் கடையிலும் அவையே இருக்கும் என்பது இப்போதே முடிவாகிவிட்டது. கருவாட்டுக் குழம்பும் மாட்டுக்கறி வறுவலும் எந்தத் தமிழருடையவை? மாநிலத்துக்கு ஒரு கடை என்றதும் ஒவ்வொரு மாநிலத்திலும் எவருடைய அடுப்பு மாநிலத்தின் பெயரைப் பெறுகிறது என்று கேட்கவேண்டியிருக்கிறது. மாநிலங்களின் பன்மையைக் காட்டி மாநிலத்துக்குள் இருக்கும் பன்மையை மறைப்பது பண்பாட்டு விழாக்களின் பழைய உத்தி.

'தொடக்கத்திலேயே இவ்வளவு கடுமை காட்டினால் பலர் விலகிவிடுவர்' என்று நண்பர்கள் அஞ்சுகின்றனர். சிலர் விலகக்கூடும். தனி மேசை இருந்தாலும் சிலர் விலகவே செய்வர். அவர்கள் சொல்லிக்கொள்ளாமல் போவார்கள் என்பதே வேறுபாடு. எவருடைய விலகல் நம்மை வருத்துகிறது, எவருடையது நம் கண்ணுக்கே படுவதில்லை என்பதை எண்ணுவோம்.

ஆகவே வரும் கூட்டத்தில் நான்கு திருத்தங்களை முன்மொழியவுள்ளேன். ஒன்று: சைவமும் அசைவமும் தனித்தனியே சமைக்கப்படலாம், பரிமாறும் மேசை ஒன்றே. எவரும் விரும்பாததை உண்ணத் தேவையில்லை; எவரும் எழுந்து வேறிடம் போகச் சொல்லப்படவும் கூடாது. இரண்டு: சமைத்தல், பாத்திரம் துலக்கல், கழிவறை கழுவுதல் ஆகியவை சுழற்சி முறையில் எல்லாருக்கும் உரியன, பொறுப்பாளர் பெயர்களே பட்டியலில் முதலில் வரட்டும். மூன்று: புதியவருக்கு எவ்வகைச் சோதனையும் இல்லை, முதல் விருந்தில் மூத்தவர்கள் அவர்களுக்குப் பரிமாறுவர். நான்கு: ஞாயிறு பாடத்துக்கு வரும் குழந்தைகளின் குடும்பத்தாரும் நம் விருந்தில் அதே மேசையில் அமர்வர்.

முதல் மூன்றை ஏற்று நான்காவதில் தயங்குவோர் இருப்பர் என்று எதிர்பார்க்கிறேன். அத்தயக்கத்தைக் கூட்டத்தில் வாய்திறந்து சொல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன். அதைத்தான் நாம் விவாதிக்கவேண்டும். இத்திருத்தங்களுக்கு உடன்படும் தோழர்கள் கீழே தம் பெயரையும் துறையையும் குறிப்பிடுக. மறுப்பவர்கள் காரணத்தோடு எழுதுக, விடையளிப்பேன்.