யாருக்காக இந்த மௌனம்?

"இதெல்லாம் நமக்கெதற்கு?" சிறுகதைப் போட்டியொன்றின் நடுவர் மேசையில் மூத்த எழுத்தாளர் ஒருவர் கேட்ட கேள்வி இது. உயர்தரம் படிக்கும் இரு பையன்களின் காதலைச் சொன்ன கதை அது. விரசமாக ஒரு வரியேனும் இல்லை. மூன்று நடுவரும் சேர்ந்து அதை ஒதுக்கினோம். மூவரில் நானும் ஒருவன். ஆகவே இக்குறிப்பை முதலில் எனக்கெதிராகவே எழுதுகிறேன்.

அன்று சொல்லப்பட்ட காரணங்கள் இரண்டு. ஒன்று, இது மேற்கத்தேய இறக்குமதி. மற்றது, சமூகம் நெருக்கடியிலிருக்கையில் இது நமக்குத் தலைகுனிவு.

முதலாவதற்குப் பதில் எளிது. இந்நாட்டில் இவ்வுறவைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டக்கோவையை 1883 இல் கொண்டுவந்தது பிரித்தானிய ஆட்சி. இறக்குமதியானது தடைதான். உருதுவில் இஸ்மத் சுக்தாய் 'லிஹாஃப்' கதையை 1942 இலேயே எழுதினார். லாகூர் நீதிமன்றப் படியேறினாரே தவிர மன்னிப்புக் கேட்கவில்லை.

இரண்டாவது காரணம் கனமானது. ஷியாம் செல்வதுரையின் 'ஃபன்னி போய்' (1994) இதைத்தான் பேசுகிறது. தமிழ் மாணவன் ஆர்ஜி, சிங்கள மாணவன் ஷெஹானைக் காதலிக்கிறான். பரிசளிப்பு விழாவில் ஆர்ஜி இரு கவிதைகளை நன்றாக ஒப்புவித்தால் அதிபரின் பதவி தப்பும், தமிழ் மாணவருக்கும் அதுவே நல்லது என்கிறார் தமிழரான ஆசிரியர் ஒருவர். அந்த அதிபரோ ஷெஹானை வதைப்பவர். மேடையேறிய ஆர்ஜி கவிதைகளை வேண்டுமென்றே குழப்பிவிடுகிறான்.

ஆசிரியரின் பயம் பொய்யென்று செல்வதுரை சொல்லவில்லை. நாவலின் இறுதியில், 1983 கலவரத்தில், ஆர்ஜியின் வீடு எரிகிறது. 2019 க்குப் பின் நம்முடைய பயமும் பொய்யல்ல. ஆயினும் ஒரு சமூகத்தைக் காக்கும் சுமையை ஒரு பையனின் பொய்யின்மீது ஏற்றிவைப்பது நியாயமா? அவன் பொய் சொன்னதால் எந்த வீடு எரியாமல் தப்பியது?

மார்க்கத் தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. அதற்கு உலமாக்கள் இருக்கிறார்கள். கதையைப் பிரசுரிப்பது பத்வா வழங்குவதல்ல. நம் வீட்டுப் பிள்ளையொன்று என்ன பாடுபடுகிறது என்று கேட்பது, அவ்வளவுதான். கேட்கவும் மறுத்துவிட்டு, பிள்ளை வழிதவறிவிட்டது என்று அழ நமக்கென்ன உரிமை?

அக்கதையை எழுதியவர் அதன்பின் எங்கும் எழுதி நான் காணவில்லை. பிரதி கையிலிருந்தால் இவ்விதழுக்கு அனுப்பட்டும். முன்னுரையை நான் எழுதுகிறேன், என் சொந்தப் பெயரில்.