கெப்பிட்டல் எழுத்தும் நம்ம பிள்ளைகளும்



போன கிழமை ஒன்பதாம் தரப் பிள்ளை ஒருத்தியின் ஆங்கிலக் கட்டுரையைத் திருத்தினேன். 1990 ஒக்டோபரில் தன் குடும்பம் மன்னார்த் தீவில் இருந்து வள்ளத்தில் ஏறிக் கற்பிட்டிக்குப் போன கதை. வீட்டில் கேட்டதை அப்படியே எழுதியிருந்தாள். வாசிக்க நெஞ்சு கனத்தது. ஆனால் ஒக்டோபர், மன்னார், கற்பிட்டி மூன்றும் சிம்பிள் எழுத்தில் தொடங்கின. கடல், வள்ளம், இரவு என்ற சொற்களுக்கெல்லாம் கெப்பிட்டல். சிவப்புப் பேனையால் வட்டம் போட்டுக்கொண்டே போனேன். தாள் முழுக்கச் சிவப்பானதும் எனக்கே வெட்கமாக இருந்தது. இதை ஏன் அப்படி எழுத வேண்டும் என்று நான் ஒழுங்காகச் சொல்லிக் கொடுத்தேனா?

இப்படிப் பிழை விடுகிற பிள்ளைகளைக் கவனமில்லாதவர்கள் என்று ஏசுகிறோம். அது நியாயமில்லை. நம்ம பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் தமிழ் எழுதுகிறார்கள், குர்ஆன் மத்ரஸாவில் அரபு ஓதுகிறார்கள், இரண்டாம் மொழியாகச் சிங்களம் படிக்கிறார்கள். மூன்றிலும் கெப்பிட்டல், சிம்பிள் என்ற பிரிவே இல்லை. அரபு எழுத்து வடிவம் மாறும்தான். ஆனால் அது சொல்லின் முதலில், நடுவில், கடைசியில் என்று நிற்கும் இடத்தைப் பொறுத்தது. பேரா, பேரில்லையா என்று அது பார்ப்பதில்லை.

வெளியில் காணும் ஆங்கிலமும் உதவாது. கடைப் பலகைகள் பெரும்பாலும் முழுக்கக் கெப்பிட்டல். விண்ணப்பப் படிவங்களில் பேரை முழுக்கக் கெப்பிட்டலில் நிரப்பச் சொல்வார்கள். அது கையெழுத்து விளங்குவதற்காகச் செய்த ஏற்பாடு. நாம் வட்ஸ்அப்பில் போடுவதோ முழுக்கச் சிம்பிள். பிறகு பிள்ளை எதைப் பார்த்துப் படிக்கும்?

நம்ம கட்டுக்கரைக் குளத்தை வைத்தே சொல்லிக் கொடுக்கலாம். 'குளம் நிறைந்துவிட்டது' என்று எழுதினால் 'டாங்க்' சிம்பிள், ஏனென்றால் எந்தக் குளத்துக்கும் அந்தச் சொல் பொருந்தும். 'ஜயன்ட்ஸ் டாங்க்' என்றால் ஜீயும் டீயும் கெப்பிட்டல், அது இந்தக் குளத்தின் பேர். 'வடக்கே நடந்தோம்' என்றால் வடக்கு சிம்பிள். 'வட மாகாணம்' என்றால் இரண்டு சொல்லும் கெப்பிட்டல். 'என் வாப்பா' என்று எழுதும்போது 'ஃபாதர்' சிம்பிள். வாப்பாவையே கூப்பிட்டு எழுதினால் கெப்பிட்டல்.

இதற்குப் பிறகு மற்றவை லேசு. வசனத்தின் முதல் எழுத்து கெப்பிட்டல். 'நான்' என்ற 'ஐ' வசனத்தின் எந்த இடத்திலும் கெப்பிட்டல். கிழமை, மாதம், மொழி, மார்க்கம், ரமழான், பெருநாள் எல்லாம் பேர்கள்தான். பாடங்களில் தமிழும் ஆங்கிலமும் மொழியின் பேர் என்பதால் கெப்பிட்டல். கணிதமும் விஞ்ஞானமும் வசனத்துக்குள் வந்தால் சிம்பிள்.

இது ஆங்கிலக்காரர்களின் வழக்கம், அவ்வளவுதான். ஜெர்மன் மொழியில் பெயர்ச்சொல் எல்லாமே கெப்பிட்டல். பிரெஞ்சில் மாதமும் கிழமையும் சிம்பிள். ஆகவே இதில் பிழை விடுகிற பிள்ளையை மக்கு என்று சொல்லாதீர்கள். அதற்காக விட்டுவிடவும் வேண்டாம். நாளை அந்தப் பிள்ளை வேலைக்குக் கடிதம் எழுதினால், வாசிப்பவரின் கண்ணில் முதலில் படுவது இந்தப் பிழைதான்.

சக ஆசிரியர்களுக்கு ஒன்று சொல்வேன். மூன்றாம் தரத்தில் ஆங்கிலப் புத்தகம் கையில் எடுக்கும்போதே பிள்ளையின் பேர், ஊர்ப் பேர் என்று தொடங்குங்கள். விதிகளைப் பட்டியலாகப் பாடமாக்க விடாதீர்கள். பெற்றோருக்கு இன்னும் லேசான வேலை. இன்றிரவு பிள்ளையிடம் தன் பேர், ஊர், பள்ளிக்கூடம், பிறந்த மாதம் நான்கையும் ஆங்கிலத்தில் எழுதிக் காட்டச் சொல்லுங்கள். உங்களுக்கு ஆங்கிலம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, நான்கும் கெப்பிட்டலில் தொடங்குகிறதா என்று பார்த்தால் போதும்.

அந்தப் பிள்ளையிடம் தாளைக் கொடுத்து, "இதில் பேர் எதெல்லாம், நீயே கண்டுபிடி" என்றேன். மறுநாள் புதுத் தாளில் எழுதிக் கொண்டுவந்தாள். மன்னாரும் கற்பிட்டியும் ஒக்டோபரும் கெப்பிட்டலில் இருந்தன. ஒரு வட்டமும் போடத் தேவைப்படவில்லை.