தபாலில் கலந்த தண்டோரா

2022 அக்டோபர் 25. தீபாவளிக்கு மறுநாள். மதியம் பன்னிரண்டரை மணியளவில் நாடு முழுவதும் வாட்ஸ்அப் நின்றுபோயிற்று. அனுப்பியது போகவில்லை, வரவேண்டியது வரவில்லை. போனில்தான் கோளாறு என்று நினைத்து அதை அணைத்து, மறுபடி போட்டுப் பார்த்தவர்கள் ஏராளம். சுமார் இரண்டு மணி நேரத்தில் நிலைமை சீரடைந்தது. பூகம்பம் எதுவும் நிகழ்ந்துவிடவில்லை. ஆனாலும் அந்த இரண்டு மணி நேரத்தில் பலருக்குக் கை ஒடிந்தாற்போல இருந்தது.

காரணம், அது வெறும் அரட்டைச் சாதனமாக இல்லை. பள்ளிக்கூடத்து வீட்டுப்பாடம், ரத்தப் பரிசோதனை முடிவு, குடியிருப்புக்குத் தண்ணீர் லாரி வரும் நேரம், ஊரில் நடந்த சாவு என்று சகலமும் அதன் வழியாகத்தான் வந்து சேர்கின்றன. இந்தியாவில் 53 கோடிப் பேர் அதைப் பயன்படுத்துவதாக 2021 பிப்ரவரியிலேயே மத்திய அரசு கூறியது. தபால் இலாகாவும் தந்தி ஆபீசும் செய்துவந்த வேலையை ஒரு தனியார் நிறுவனம், காசு வாங்காமல் செய்கிறது.

காசு வாங்காமல் எப்படி? இந்தக் கேள்வியை ஆரம்பத்தில் கேட்டவர்கள் அதன் நிறுவனர்களேதான். 2009-ல் வாட்ஸ்அப்பைத் தொடங்கிய ஜேன் கோம், பிரையன் ஆக்டன் இருவரும் யாஹூவில் வேலை பார்த்தவர்கள். விளம்பரத்தை நம்பி நடக்கும் தொழிலை உள்ளிருந்து பார்த்துச் சலித்தவர்கள். தாங்கள் ஏன் விளம்பரம் விற்பதில்லை என்று 2012-ல் பகிரங்கமாக எழுதவும் செய்தார்கள். கொஞ்ச காலம் வருஷத்துக்கு ஒரு டாலர் சந்தா என்ற ஏற்பாடுகூட இருந்தது. 2014-ல் ஃபேஸ்புக் 1,900 கோடி டாலருக்கு வாட்ஸ்அப்பை வாங்குவதாக அறிவித்தது. 2016-ல் சந்தா ரத்தாயிற்று. 2017-ல் ஆக்டனும் 2018-ல் கோமும் வெளியேறினார்கள். 2025 ஜூனில், ‘ஸ்டேட்டஸ்’ பகுதியில் விளம்பரம் வரும் என்ற அறிவிப்பு வந்தது.

அந்த விளம்பரத்தைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. அது தனி அறையில் இருக்கிறது. வேண்டாதவர்கள் அந்தப் பக்கம் போகாமல் இருக்கலாம். சொந்த உரையாடல்களைத் தாங்கள் படிப்பதில்லை, படிக்கவும் முடியாது என்று நிறுவனம் சொல்கிறது. கவலைப்பட வேண்டியது வேறொன்றைப் பற்றி. அது கடிதம் போல வரும் விளம்பரம்.

பத்திரிகை விளம்பரத்துக்குக் கட்டம் உண்டு. தியேட்டரில் ஸ்லைடு போட்டால் அது விளம்பரம் என்று குழந்தைக்கும் தெரியும். 1976-ல் தூர்தர்ஷனில் விளம்பரம் நுழைந்தபோதும், அது முடியும்வரை எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வர முடிந்தது. வாட்ஸ்அப்பில் நிறுவனங்கள் அனுப்பும் செய்தி அப்படியில்லை. அக்காவின் கடிதத்துக்கும் டாக்டரின் சீட்டுக்கும் நடுவே, அதே வரிசையில், அதே மணியோசையோடு வந்து உட்காருகிறது. இப்படி அனுப்ப நிறுவனங்கள் கட்டணம் செலுத்துகின்றன. ரசீது, பார்சல் தகவல் போன்றவற்றுக்கு ஒரு கட்டணம், விற்பனைச் செய்திக்கு அதைவிடக் கூடுதல் கட்டணம். அனுப்புகிறவருக்கு எது தகவல், எது விளம்பரம் என்பது பைசாக் கணக்கில் தெரிகிறது. பெறுகிறவர்தான் ஒவ்வொன்றையும் திறந்து பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

சாதாரண எஸ்.எம்.எஸ். விஷயத்தில் இந்தத் தொல்லைக்கு ஓரளவு வைத்தியம் நடந்தது. வேண்டாத விற்பனை அழைப்புகளைத் தடுக்கும் பதிவேடு 2007-ல் வந்தது. 1909 என்ற எண்ணில் ஒரே ஒரு முறை பதிவு செய்தால் எல்லா நிறுவனங்களுக்கும் பொருந்தும். 2025 முதல், அனுப்புகிறவரின் பெயருக்குப் பின்னால் ஓர் ஆங்கில எழுத்தும் இடம்பெறுகிறது. ‘பி’ என்றால் விளம்பரம், ‘ஜி’ என்றால் அரசுச் செய்தி. பித்தலாட்டம் அடியோடு ஒழிந்துவிடவில்லை. ஆனால் விதி என்று ஒன்றாவது இருக்கிறது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் இந்த விதி வாட்ஸ்அப்புக்குச் செல்லாது. அங்கே விளம்பரத்தை நிறுத்த வேண்டுமானால் ஒவ்வொரு நிறுவனத்திடமும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும். கோபத்தில் மருந்துக் கடையின் எண்ணையே தடுத்துவிட்டால், தள்ளுபடிச் செய்தியோடு மருந்து வரும் நேரமும் நின்றுபோகும்.

இதனால் லாபம் அடைகிறவர்கள் இல்லாமல் இல்லை. வீட்டில் ஊறுகாய் போட்டு விற்கும் பெண்மணியால் பத்திரிகையில் விளம்பரம் கொடுக்க முடியாது. அவருக்கு இது வரப்பிரசாதம். ஆனால் அவரை நாமே தேடிப் போய் எண் வாங்குகிறோம். நாம் தேடாமலே நம்மைத் தேடி வருகிறவர்கள்தான் பிரச்னை.

பிரச்னை எரிச்சலோடு முடிவதுமில்லை. விளம்பரம் கடிதத்தின் வேஷத்தில் வருவது பழகிப்போனால், திருடனும் அதே வேஷத்தில் வருவான். வந்தும்விட்டான். ‘போக்குவரத்து அபராதம் கட்டவில்லை’, ‘மின் இணைப்பு இன்றிரவு துண்டிக்கப்படும்’ என்று செய்தி அனுப்பி, அதோடு ஒரு செயலியையும் ஒட்டி, தொட்டவரின் வங்கிக் கணக்கைத் துடைப்பது நாடறிந்த மோசடி. பென்ஷன் பணத்தைப் பறிகொடுத்த பெரியவரைப் பார்த்து ‘ஏன் தொட்டீர்கள்?’ என்று கேட்பது சுலபம். அவருடைய வங்கியும் காப்பீட்டு நிறுவனமும் இத்தனை நாளும் ‘தொடுங்கள், தொடுங்கள்’ என்றுதானே சொல்லிக்கொண்டிருந்தன? (பணம் போனால் உடனே கூப்பிட வேண்டிய எண் 1930.)

பிடிக்காவிட்டால் விலகிவிடலாமே என்பவர்கள் உண்டு. வகுப்பு ஆசிரியையும் குடியிருப்புச் செயலாளரும் சேர்ந்து விலகினால்தான் அது நடக்கும். 2021-ல் புதிய நிபந்தனைகளை ஏற்றே தீரவேண்டும் என்று வாட்ஸ்அப் சொன்னபோது, மக்களுக்கு வேறு போக்கிடம் இல்லாததைத்தான் இந்தியப் போட்டி ஆணையம் கவனத்தில் கொண்டது. 2024 நவம்பரில் தாய் நிறுவனமான மெட்டாவுக்கு ரூ. 213.14 கோடி அபராதம் விதித்தது. பயனாளிகளின் தகவல்களை விளம்பரத்துக்காகப் பகிர ஐந்து ஆண்டுத் தடையும் போட்டது. 2025 நவம்பரில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை உறுதி செய்தது, தடையை நீக்கியது.

அபராதம் பெரிய விஷயமல்ல. தேவை சின்னதுதான். 1909-ல் ஒரு முறை ‘வேண்டாம்’ என்று சொன்னவரின் சொல் வாட்ஸ்அப்புக்கும் செல்ல வேண்டும். விளம்பரத்தின் நெற்றியில் ‘விளம்பரம்’ என்று எழுதியிருக்க வேண்டும். அந்தக் காலத்தில் தண்டோரா போடுகிறவன் தெருவில் நின்று முழங்கினான். தபால்காரரின் பைக்குள் புகுந்துகொண்டு வீட்டுக்குள் வரவில்லை.