நடையும் சத்துப்பொடியும்

 

ஆவடி பருத்திப்பட்டு ஏரிக்கரையில் காலை நடை பழகுவோரைக் காண மகிழ்ச்சியே. ஆயின் நடையோடு விலையுயர்ந்த சத்துப்பொடியும் சேர்ந்தால் பலன் இரட்டிப்பாகும் என எண்ணுவோரும் உளர்.

சென்னை மருத்துவர் அ. இராமச்சந்திரன் குழுவினர், சர்க்கரை நோயின் வாயிலில் நின்ற 531 பேரை ஆராய்ந்து, 2006இல் முடிவை வெளியிட்டனர். வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றோரில் மூன்றாண்டுகளில் 55 விழுக்காட்டினர் நோயாளிகளாயினர். நாள்தோறும் அரைமணி நடையும் உணவுக் கட்டுப்பாடும் மேற்கொண்டோரில் 39.3, மெட்ஃபார்மின் மாத்திரை உண்டோரில் 40.5, இரண்டையும் சேர்த்தோரில் 39.5. மருந்தே நடையின் பலனைக் கூட்டவில்லையெனில், பொடியிடம் எதை எதிர்பார்ப்பது?

குறை கண்டு மருத்துவர் எழுதித் தரும் சத்து மாத்திரை வேறு, அதை விடலாகாது. பொடியை நம்பி, உண்டுவரும் சர்க்கரை மாத்திரையை நிறுத்துவதோ பேராபத்து.

வயிற்றில் மூன்றிலொரு பங்கை உணவுக்கும், ஒரு பங்கை நீருக்கும், ஒரு பங்கை மூச்சுக்கும் ஒதுக்கும்படி நபி (ஸல்) அவர்கள் காட்டிய வழிக்குச் செலவில்லை. உடல் அல்லாஹ் ஒப்படைத்த அமானிதம். சுப்ஹுக்குப் பின் அரைமணி நடப்போம். அடுப்படியில் நிற்கும் இல்லத்தரசிக்கும் அந்த அரைமணியை ஒதுக்கித் தருவோம், இன்ஷா அல்லாஹ்.