மொழியறியான் காவலில் நம் மன்றம்

உத்தரமேரூர்க் கோயிற் சுவரில் முதற் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள. ஏறத்தாழ 920-ஆம் ஆண்டைச் சார்ந்தவை. ஊரவைக்கு யார் நிற்கலாம், யார் நிற்கலாகாது, குடவோலை எவ்வாறு எடுக்கப்படல் வேண்டும் என்பவற்றை அவை வரையறுத்துக் கூறுகின்றன. அவ்வவை பார்ப்பனர் ஊரவை. உழுது விளைத்தவனுக்கு அதில் இடமில்லை. எனவே, அதனை நாம் போற்றிப் பாட வேண்டுவதில்லை. ஆயினும், அதன் நெறி கல்லில் வெட்டப்பட்டிருந்தது என்பதை மறுத்தற்கில்லை. "இது முறையன்று" என்று சுட்டிக் காட்டவேனும் ஒரு சுவர் இருந்தது.

இன்றைய ஊர்மன்றம் முகநூலும் வலையொளியும் புலனமும் ஆகும். அரசியல் வழக்கும் தேர்தற் பரப்புரையும் பெரும்பாலும் அங்கேயே நிகழ்கின்றன. அம்மன்றத்தின் நெறி எந்தச் சுவரில் வெட்டப்பட்டுள்ளது? யாரும் கண்டிலர்! எந்தப் பேச்சு நம் கண்முன் வருதல் வேண்டும், எது அடியிற் புதைதல் வேண்டும் என்பதை, ஆங்கிலத்தில் அல்காரிதம் எனப்படும் கணிப்புநெறி முடிவு செய்கின்றது. அஃது உண்மையையும் பொய்யையும் பிரித்தறிவதற்காக அமைக்கப்பட்டதன்று. மக்கள் எதனை நெடுநேரம் பார்ப்பர், எதற்கு உடனே மறுமொழி தருவர் என்பதே அதன் கணக்கு. பார்க்கும் நேரம் மிகுந்தால் விளம்பரம் மிகும். விளம்பரம் மிகுந்தால் வருவாய் மிகும்.

2017 முதல் முகநூலின் கணிப்பில் ஒரு விருப்பக் குறிக்கு ஒரு மதிப்பென்றால், ஒரு சினக் குறிக்கு ஐந்து மதிப்பு. சினமூட்டியவன் பேச்சு ஐந்து மடங்கு மேலேறியது என்க. 2020-இல் அக்குழுமமே சினக் குறியின் மதிப்பைச் சுழியாக்கியது. இவையெல்லாம் 2021-இல் அதன் உள்ளாவணங்கள் வெளிப்பட்டபோதுதான் உலகுக்குத் தெரிந்தன. தன் மன்றத்தின் நெறி மாறியதைக்கூட அறியாத குடிமகன் எவ்வகையிற் குடிமகன்?

இதன் விளைவைப் பருமாவிற் காண்க. மியன்மா எனப்படும் அந்நாட்டில் 2014-க்குப் பின் கைப்பேசி மலிந்தது. பலர்க்கு இணையம் என்றாலே முகநூல்தான். உரோகிங்கிய முசுலிம்களுக்கு எதிரான வெறுப்புரை அதில் வெள்ளமெனப் பாய்ந்தது. 2015-இன் தொடக்கத்தில், முறைகேடான பதிவுகளை ஆய்வோருள் பருமிய மொழி அறிந்தவர் அக்குழுமத்தில் இருவரே இருந்தனர் என்று இராய்ட்டர்சு செய்திக்குழு 2018-இல் வெளிப்படுத்தியது. 'கலா'க்களைக் கொல்லுமாறு ஏவிய ஒரு பதிவை, முகநூலின் மொழிபெயர்ப்புப் பொறி வானவில் பற்றிய பிதற்றலாக மாற்றித் தந்ததையும் அச்செய்தி காட்டியது. 'கலா' என்பது இந்தியத் துணைநிலத்தினின்று சென்றோரை இகழும் சொல். அந்நாட்டில் வியர்வை சிந்திய தமிழனும் அச்சொல்லைச் செவியுற்றவனே!

2017 ஆகசுட்டு முதல் ஏழு இலக்கத்திற்கும் மேற்பட்ட உரோகிங்கியர் உயிர்தப்பி வங்கதேசத்திற்கு ஓடினர். கொன்றது படை, முகநூலன்று. ஆயினும், கொலைக்கு உடன்படும் உள்ளத்தை மக்களிடம் வளர்த்தது எது? நாங்கள் போதிய அளவு செய்யவில்லை என்று 2018 நவம்பரில் அக்குழுமமே ஒப்புக்கொண்டது. காலங்கடந்த ஒப்புதல் எரிந்த ஊர்களை மீட்குமா?

அதே 2018 மார்ச்சில் இலங்கையின் கண்டி மாவட்டத்தில், திகன முதலிய ஊர்களில், தமிழ் பேசும் முசுலிம்களின் வீடும் கடையும் பள்ளிவாயிலும் தாக்கப்பட்டன. முகநூலிற் சிங்களத்தில் எழுதப்பட்ட வெறுப்புரை அத்தீக்கு நெய்யாயிற்று. 2020-இல் முகநூல் அதற்கு வருத்தந் தெரிவித்தது.

பிறர் குற்றம் பேசும் நாம் நம் குற்றமும் பேசுதல் வேண்டும். 2018 மே திங்களில் திருவண்ணாமலை மாவட்டத்துப் போளூர்ப் பக்கம், குலக்கோயில் வழிபாட்டிற்கு வந்த, அறுபது அகவை கடந்த பெண்மணி ஒருவர் குழந்தைகட்கு இனிப்புக் கொடுத்தார். பிள்ளை பிடிப்பவர் என்று கருதி ஊரார் அவரை அடித்துக் கொன்றனர். அவ்வச்சத்தைப் பரப்பிய வதந்தி புலனத்தில் வந்தது. அங்கே கணிப்புநெறி ஏதும் தள்ளவில்லை. தள்ளியவை நம் விரல்களே. கொன்றவரும் தமிழர், இறந்தவரும் தமிழர். நற்றமிழில் எழுதப்பட்டாலும் பொய் பொய்யே. சாதிச் செருக்கைத் தூய தமிழிற் பாடினாலும் அது நஞ்சே. மொழித்தூய்மை பேசுவோர் செய்தித்தூய்மையும் பேணல் வேண்டாவா?

"அரசே தணிக்கை செய்யட்டும்" என்பாரும் உளர். அது கூடாது. ஆள்வோர் கையிற் கொடுத்த வாய்ப்பூட்டு முதலில் யார் வாயிற் பூட்டப்படும் என்பதை உரிமை கேட்டுச் சிறைசென்ற இயக்கங்கள் நன்கறியும். நாம் கேட்க வேண்டுவது வேறு.

ஐரோப்பிய ஒன்றியம் 2022-இல் இயற்றிய சட்டம், பெருந்தளங்கள் தம் ஆய்வாளர் எத்துணையர் என்பதை ஒன்றியத்தின் ஆட்சிமொழி ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே கணக்குக் காட்டச் செய்கின்றது. பயனரைத் துருவியறியாத மாற்று வரிசையொன்றையும் அவை தந்தே ஆதல் வேண்டும். மால்தா நாட்டு மக்கள் ஆறு இலக்கத்தையும் எட்டார். அவர்தம் மொழிக்குக் கணக்குக் காட்டப்படுகின்றது. 2011 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மட்டும் ஏறத்தாழ 6.9 கோடிப் பேர்க்குத் தாய்மொழியாகிய தமிழுக்கு அத்தகைய சட்டக் காப்பு எங்கே? நம் மொழியில் விளம்பரம் விற்றுப் பொருளீட்டத் தெரிந்தவனுக்கு, நம் மொழியறிந்த காவலரை அமர்த்தத் தெரியாதா?

எனவே, தமிழர்களே, இரண்டு கேளுங்கள். தமிழ்ப் பதிவுகளை ஆயும் தமிழறிந்தார் எத்துணையர் என்பதை ஆண்டுதோறும் வெளியிடுக! எப்பேச்சு ஏறும், எப்பேச்சு இறங்கும் என்னும் நெறியைத் தமிழில் எழுதி முன்வைக்க! வாக்குக் கேட்டு வருவோரிடம் இவ்விரண்டையும் வையுங்கள். அதுவரை, கையிலுள்ள செய்தியை அடுத்தவர்க்குத் தள்ளுமுன் ஒரு நொடி நில்லுங்கள். மெய்யா என்று வினவுங்கள். மன்றம் நமதாக வேண்டுமெனின், அதன் நெறி நம் கண்ணுக்குத் தெரிதல் வேண்டும். அதன் காவல் நம் மொழி அறிதல் வேண்டும்.