போல்ட் பொருந்தினா போதுமா?

"ஓட்டை மேட்ச் ஆகுதா? அப்போ மாட்டிடலாம்!" வொர்க்‌ஷாப் பக்கம் எட்டிப் பார்த்த எல்லாருக்கும் இந்த வசனம் தெரியும். என் கருத்து என்னன்னா, ஓட்டை மேட்ச் ஆவது பாதி வேலைகூட இல்லை. ஹார்லி டேவிட்சன் டூரிங் பைக்கின் பிரைமரி கவரை வச்சே இதைப் பார்க்கலாம்.

அந்த பைக்குல கிராங்க்கிலிருந்து கிளட்சுக்கு சக்தியைக் கொண்டுபோவது பிரைமரி செயின். நம்ம பழைய புல்லட்டிலும் அப்படித்தான். இடப்பக்கக் கவருக்குள்ளே ஆயிலோடு ஓடும் இந்தச் செயின், தேயத் தேய நீளும். அந்தத் தளர்வை எடுப்பதுதான் அட்ஜஸ்டரின் வேலை.

2006 வரை வந்த டூரிங் மாடல்களில் அதை நாமே கையால் டைட் பண்ணணும். 2007-ல் ட்வின் கேம் 96 இன்ஜினும் ஆறு கியரும் வந்தப்போ, ஸ்பிரிங்கால் இயங்கும் ஆட்டோமேட்டிக் டென்ஷனர் உள்ளே வந்தது. கவரும் மாறியது. செயினைப் பார்க்க பழைய கவரில் இருந்த சின்ன மூடி, புதுசுல இல்லை.

சிக்கல் இங்கேதான் ஆரம்பம். ஆட்டோமேட்டிக் டென்ஷனர் ஒரே திசையில் நகரும் ரேட்சட். ஒரு பல் ஏறிட்டா திரும்ப இறங்காது. செயின் அதிகமா டைட் ஆகுது, பேரிங்குக்கு அடி விழுது என்பது பல ரைடர்களின் புகார். அதனால மேனுவல் அட்ஜஸ்டருக்கு மாறுறாங்க. மாறின பிறகு செயினைப் பார்க்க வழி வேணுமே! உடனே, "பழைய மூடி வச்ச கவரையே மாட்டினா என்ன?"

கவர் மேல கேஸ்கெட்டை வச்சுப் பார்த்தா விளிம்பும் ஓட்டையும் தெரியும். அது இரண்டு பரிமாணம் மட்டும்தான். கவரின் ஆழம், உள்ளே கிளட்சுக்குக் கிடைக்கும் இடைவெளி, மூடி இருக்கும் இடம் எதையும் கேஸ்கெட் சொல்லாது. மெஷின் டிராயிங்ல ஒரே ஒரு வியூ மட்டும் வரைஞ்சா மார்க் கிடைக்குமா? அதே கதைதான்.

இன்னொண்ணு, மேனுவலுக்கு மாறினா வேலையும் உங்க தலையில். மேல்பக்கச் செயின் மொத்தமா ஆடும் அளவு, இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது சுமார் 16 முதல் 22 மில்லிமீட்டர், சூடானதும் 10 முதல் 16 இருக்கணும். ஏன் குறையுது? அலுமினிய கேஸ், ஸ்டீல் செயினைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு விரிவடையும். இரு ஸ்ப்ராக்கெட்டுக்கும் நடுவே தூரம் கூடும், செயின் இறுகும். செயின் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தேயாது. அதனால சுத்திப் பார்த்து, ரொம்ப டைட்டா இருக்கும் இடத்தில்தான் அளக்கணும். கையால வர்ற டைட் போதும்னு விட்டா, ஆட்டோமேட்டிக் செய்யும்னு பயந்த தப்பை நாமே செய்வோம்.

மேனுவல் வேண்டாம்னு நான் சொல்லலை. தளர்வை யார் பார்த்துக்கிறது என்பதுதான் இங்கே மாறுது. முன்னாடி ஸ்பிரிங், இப்போ நீங்க. மாதக்கணக்கில் திறந்துகூடப் பார்க்க மாட்டீங்கன்னா ஆட்டோமேட்டிக்கே இருக்கட்டும். மாத்தணும்னா உங்க மாடல் வருஷத்துக்குன்னே செய்த அட்ஜஸ்டரை வாங்குங்க. கவரை மாத்தும் முன்னாடி இரண்டு வருஷத்தின் பார்ட் நம்பரையும் ஒப்பிடுங்க, உள் ஆழத்தை வெர்னியர் வச்சு அளங்க.

லேப்ல ரெக்கார்டு எழுத மட்டுமே வெர்னியரை எடுக்கிறோம். அதுக்கு உண்மையான வேலை இந்த மாதிரி இடத்தில்தான் இருக்கு.