ஒரு கணக்கரின் ஜெபம்

கணக்குப் பரிசோதகர்களுக்கும் பக்திக்கும் வெகு தூரம் என்பது நம் ஜனங்களில் பலருடைய அபிப்பிராயம். வரவு, செலவு, பாக்கி என்று ஓயாமல் இலக்கங்களோடு மாரடிக்கும் மனிதர், கண்ணுக்குப் புலப்படாத கடவுளிடம் எப்படி நம்பிக்கை வைக்க முடியும்? ரசீது இல்லாத எதையும் ஆடிட்டர் ஒப்புக்கொள்ள மாட்டார். கடவுளோ இதுவரையில் யாருக்கும் ரசீது எழுதிக் கொடுத்ததாகத் தெரியவில்லை!

ஆயினும் நமது தமிழ்நாட்டில் பிறந்த ஆடிட்டர் ஒருவர், தம்முடைய ஜெபத்தையே ஒரு கணக்காகவும் கணக்கையே ஒரு ஜெபமாகவும் நடத்திக் காட்டினார். 1892-ஆம் வருஷம் ஜனவரி மாதம் 4-ந் தேதி தஞ்சாவூரில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்த ஜோசப் செல்லத்துரை கார்னீலியஸ் என்பவரே அவர். இந்தப் பெயரைச் சொன்னால் நேயர்களில் அநேகருக்கு ஆளைத் தெரியாது. குடும்பத்தின் பழைய பெயரை மீண்டும் சூட்டிக்கொண்டு அவர் ஜே. ஸி. குமரப்பா ஆன பிற்பாடுதான் தேசம் அவரை அறிந்தது.

ஸ்ரீ குமரப்பாவைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் அவருடைய கிராமப் பொருளாதாரத்தைப் பற்றியே பேசுகிறார்கள். செக்கு, கைக்குத்தல் அரிசி, பனைவெல்லம், தேனீ, கைக்காகிதம் என்று அந்த ஜாபிதா நீளும். எல்லாம் நல்ல விஷயங்களே. ஆனால் அந்தப் பொருளாதாரத்துக்கு ஊற்று எங்கே இருந்தது என்று பார்க்கப் புறப்பட்டால், கிறிஸ்தவ வீடுகளில் குழந்தைகள் மழலை மாறுவதற்குள்ளாகவே மனப்பாடம் செய்துவிடும் ஒரு சிறிய ஜெபத்தில் வந்து நிற்கிறோம்.

இயேசுநாதர் தம் சீஷர்களுக்குக் கற்றுக் கொடுத்த ஜெபம் அது. சொல்லி முடிக்க ஒரு நிமிஷம் கூடப் பிடிக்காது. அதில் ஒரு விசேஷம் உண்டு. ஆதியிலிருந்து அந்தம் வரையில் தேடிப் பார்த்தாலும் அதிலே "நான்" என்ற சொல் அகப்படாது. "எனக்கு" என்ற சொல்லும் அகப்படாது. அன்றாட ஆகாரத்தைக் கேட்கும் இடத்தில் கூட "எங்களுக்கு" என்றுதான் கேட்கும்படி அவர் சொல்லிவைத்தார். இத்தனைக்கும், ஜெபம் செய்கிறவன் அறைக்குள் சென்று கதவைப் பூட்டிக்கொண்டு அந்தரங்கத்தில் ஜெபிக்க வேண்டும் என்று போதித்தவரும் அவரேதான். உள்ளே இருப்பவனோ ஒருவன். தாளிட்ட கதவுக்கு இப்பால் வேறு பிராணி கிடையாது. அப்படியிருந்தும் அவன் "எங்களுக்கு" என்று சொல்ல வேண்டும்!

மற்றப் பாஷைக்காரர்களைவிடத் தமிழர்களாகிய நமக்கு இந்த இடம் நன்றாக உறைக்க வேண்டும். இங்கிலீஷில் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு சமாளிக்கிறார்கள். நமக்கோ "நாம்" என்று ஒன்றும் "நாங்கள்" என்று ஒன்றுமாக இரண்டு இருக்கின்றன. "நாங்கள்" என்னும்போது கேட்பவர் ஒரு பக்கம், நாங்கள் எல்லோரும் மற்றொரு பக்கம் என்று கோடு விழுந்துவிடுகிறது. அந்த ஜெபத்தில் அப்பக்கம் இருப்பவர் கடவுள். சரி, இப்பக்கத்தில் யார் யார்? என் பெண்டு பிள்ளைகளா? என் சபையாரா? ஊர்க் கோடியில் நேற்று அடுப்புப் புகையாத குடிசையில் இருக்கிறானே, அவனுமா? அவனையும் சேர்த்துத்தான் என்றால், அவனுக்கு இன்னும் ஆகாரம் வந்து சேராத பட்சத்தில் என்னுடைய ஜெபம் பாதிதானே நிறைவேறியிருக்கிறது? மீதிப் பாதிக்கு யார் ஜவாப்தாரி?

இந்தக் கேள்வியைக் கேட்காமலே ஒரு மனிதன் ஆயுள் முழுவதும் ஜெபம் செய்துகொண்டு சௌக்கியமாக இருக்கலாம். அநேகர் இருக்கிறார்கள். கலெக்டருக்கு மனுப் போடுவது போல் கடவுளுக்கும் மனுப் போட்டுவிட்டு உத்தரவுக்குக் காத்திருப்பதே பிரார்த்தனை என்று எண்ணுகிறவர்கள் எல்லா மதங்களிலும் உண்டு.

குமரப்பாவும் அப்படி இருந்திருக்கலாம். அவருக்கு எந்தக் குறையும் இருக்கவில்லை. லண்டனில் கணக்குப் பரிசோதனைத் தொழில் பயின்று பட்டம் பெற்றார். பம்பாயில் சொந்தக் கம்பெனி நடத்தினார். 1927-இல் அமெரிக்காவுக்குச் சென்று, முதலில் ஸிரகியூஸ் சர்வகலாசாலையிலும் பிறகு கொலம்பியா சர்வகலாசாலையிலும் படித்தார். நேர்த்தியான ஐரோப்பிய உடுப்பு, ஐரோப்பியப் பழக்க வழக்கங்கள், விவாகம் செய்துகொள்ளாத சுதந்திரம் எல்லாம் இருந்தன. அந்தச் சமயத்தில் அமெரிக்காவில் ஒரு தேவாலயத்தில் அவரைப் பேச அழைத்தார்கள். இந்தியா ஏன் ஏழை நாடாக இருக்கிறது என்பதைப் பற்றி அவர் பேசினார். அந்தப் பேச்சு பத்திரிகையில் வெளியாயிற்று. அதைக் கண்ட அவருடைய ஆசிரியர் செலிக்மன், பொது வருமான சாஸ்திரத்தில் பேர்போன பண்டிதர், அந்த விஷயத்தையே ஆராய்ந்து எழுதும்படி தூண்டினார். ஆடிட்டர் கணக்குப் புஸ்தகங்களைத் திறந்து பார்த்தார். இந்தியாவின் வரிப் பணம் எங்கே போகிறது என்பது அங்கே எழுதியிருந்தது. தம்முடைய வாடிக்கைக்காரர் எவருடைய கணக்கிலும் அப்படி ஒரு விபரீதத்தை அவர் பார்த்திருக்க மாட்டார்.

தேவாலயத்தில் தொடங்கிய அந்த ஆராய்ச்சியைக் கையில் எடுத்துக்கொண்டு, 1929-ஆம் வருஷம் மே மாதம் 9-ந் தேதி அவர் ஸபர்மதி ஆசிரமத்துக்குப் போய்ச் சேர்ந்தார். மரத்தடியில், சாணி மெழுகிய தரையில் ஒரு கிழவர் உட்கார்ந்து நூற்றுக்கொண்டிருந்தார். குமரப்பா சற்று நேரம் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றார். கிழவர் நிமிர்ந்து, "நீங்கள்தானே குமரப்பா?" என்று கேட்ட பிறகே, தாம் பார்க்க வந்த மகாத்மா அவர்தான் என்று விளங்கிற்று. பட்டுக் கால்சட்டையோடு அந்தத் தரையில் அவர் உட்கார்ந்தார். ஆசிரமத்தார் நாற்காலி கொண்டு வந்தார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

மகாத்மாஜி ஆராய்ச்சியை "யங் இந்தியா"வில் வெளியிட ஒப்புக்கொண்டார். அத்துடன் ஒரு வேலையும் கொடுத்தார். குஜராத்தில் கேடா ஜில்லா மாதர் தாலுகாவிலுள்ள கிராமங்களின் உண்மையான வரவு செலவை எடுக்க வேண்டும் என்றார். குமரப்பாவுக்குக் குஜராத்தி தெரியாது. அதனால் என்ன? வித்யாபீடத்து மாணாக்கர்கள் இருக்கிறார்களே! அவர்களைக் கூட்டிக்கொண்டு பம்பாய் ஆடிட்டர் கிராமம் கிராமமாக நடந்தார். நிலம் எவ்வளவு, மாடு எத்தனை, கடன் எவ்வளவு, தீர்வை எவ்வளவு என்று கேட்டு எழுதினார். "எங்களுக்கு" என்ற சொல்லில் யார் யார் அடங்கியிருக்கிறார்கள் என்பதைப் பெயர் பெயராக விசாரிப்பதற்கு இதைவிட நல்ல வழி இருப்பதாக நமக்குத் தோன்றவில்லை. வாழ்க்கைக்கு அர்த்தம் என்ன என்று கேட்டுக்கொண்டு மனிதர்கள் இமயமலைக் குகைகளுக்குப் போகிறார்கள். குமரப்பாவுக்கு அது மாதர் தாலுகாவின் புழுதியில் கிடைத்தது. அப்போது அவருக்கு வயது முப்பத்தேழு. திரும்பி அவர் தம் தொழிலுக்குப் போகவில்லை.

இதனால் எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். 1930-இல் உப்புச் சத்தியாக்கிரகம் மூண்டபோது, சட்ட மறுப்பு கிறிஸ்துவின் உபதேசத்துக்கு ஒத்ததா என்ற கேள்வி பிறந்தது. அதற்குப் பாதிரிமாரில் பலர் சொன்ன விடை சர்க்காருக்கு மிகவும் பிரியமான விடையாக இருந்தது. கல்கத்தாவில் பிரதம அத்தியட்சராக இருந்த டாக்டர் வெஸ்ட்காட்டுடன் குமரப்பா கடித மூலமாக வாதாடினார். தடியடிபட்டும் கை ஓங்காமல் நிற்கிறவன் மலைப்பிரசங்கத்துக்குச் சமீபத்தில் இருக்கிறானா, தடியை ஏந்தியவன் இருக்கிறானா என்பதே வாதத்தின் சாரம். கிறிஸ்தவன் என்றால் ராஜவிசுவாசி என்று சர்க்கார் எண்ணியது. நம் தேசபக்தர்களிலும் சிலர் அப்படியே சந்தேகித்தார்கள். இரண்டு பக்கத்துக்கும் நடுவில் நின்று, இருவரும் நினைப்பது தப்பு என்று சொல்வதற்கு நெஞ்சழுத்தம் வேண்டும். குமரப்பாவிடம் அது வேண்டிய மட்டும் இருந்தது. கோபமும் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது. சாந்த சொரூபிகளைத்தான் பக்தர்கள் என்று ஒப்புக்கொள்வோம் என்பவர்களுக்கு அவர் லாயக்கில்லை.

இந்த விஷயத்தில் அவர் தன்னந்தனி மனிதர் அல்லர் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சாட்சி உண்டு. திருப்பத்தூரில் 1921-ஆம் வருஷம் கிறிஸ்துகுல ஆசிரமத்தை இரண்டு வைத்தியர்கள் நிறுவினார்கள். ஒருவர் டாக்டர் சவரிராயன் ஏசுதாசன். மற்றவர் ஸ்காட்லாந்து தேசத்தவரான டாக்டர் பாரஸ்டர் பேடன். பெரியண்ணன், சின்னண்ணன் என்றே ஜனங்கள் அவர்களை அழைத்தார்கள். இருவரும் கதர் உடுத்தி, பிரமசாரிகளாக வாழ்ந்து, நோயாளிகளுக்குச் சிகிச்சை செய்தார்கள். அவர்கள் கட்டிய ஜெபாலயத்தைத் தூரத்திலிருந்து பார்ப்பவர்கள் கோயில் என்றே எண்ணுவார்கள். அப்படி நம் நாட்டுச் சிற்ப முறைப்படி அமைந்தது. 1932-இல் சென்னையில் அந்நியத் துணிக்கடை மறியல் நடந்துகொண்டிருந்த சமயம், அந்த வழியே கதர் உடையில் வந்த சின்னண்ணனைப் போலீஸார் அடித்தார்கள். சாய நீரையும் பீய்ச்சினார்கள். அடிபட்டவர் வெள்ளைக்காரர் என்று பிற்பாடு தெரிந்ததும், லண்டன் பார்லிமெண்டிலேயே கேள்விகள் கிளம்பின. நம்மவர்கள் தினந்தோறும் பட்ட அடிக்கு அத்தகைய பாக்கியம் கிடைக்கவில்லை என்பது வேறு விஷயம். ஸ்காட்லாந்தில் பிறந்தவருடைய "எங்களுக்கு" என்பதில் சென்னைத் தெருவில் நின்ற தொண்டர்களும் அடக்கம் என்பது அன்று விளங்கிற்று.

குமரப்பாவின் கதைக்குத் திரும்புவோம். 1934-ஆம் வருஷத்துப் பீஹார் பூகம்பத்துக்குப் பிறகு, பாபு ராஜேந்திர பிரஸாத்தின் தலைமையில் நடந்த நிவாரண வேலைக்குக் கணக்கு வழக்கு அவர் பொறுப்பில் வந்தது. தேசம் முழுவதிலுமிருந்து பணம் குவிந்தது. ஏழையின் காலணாவும் அதில் இருந்தது. தொண்டர்களின் சாப்பாட்டுக்கு ஆளுக்கு ஒரு நாளைக்கு மூன்று அணாவுக்கு மேல் கிடையாது என்று குமரப்பா திட்டம் செய்தார். அப்புறம் மகாத்மாஜி பரிவாரத்துடன் பாட்னாவுக்கு வந்து சேர்ந்தார். அந்தப் பரிவாரத்தின் செலவை மூன்றணாவுக்குள் அடக்க முடியுமா? ஆட்டுப்பாலும் பேரீச்சம் பழமும் யார் கணக்கில் எழுதுவது? நிவாரண நிதியிலிருந்து அதற்குப் பணம் தர முடியாது என்று குமரப்பா ஸ்ரீ மகாதேவ தேசாயிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மகாத்மாஜிக்கு இதில் துளியும் வருத்தம் ஏற்படவில்லை. கூரை இழந்தவனுடைய காலணாவை மகாத்மாவிடமிருந்தே காப்பாற்றிய இந்தச் சம்பவத்தைப் பக்திக் கதைகளோடு சேர்க்க வேண்டும் என்பது நமது கட்சி.

பிறகு வார்தாவில் அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கத்தின் காரியதரிசியானார். 1942-இல், யுத்தச் செலவுக்காகக் காகித நோட்டை அச்சடித்துக் கொடுத்து நாட்டின் தானியத்தையும் சாமானையும் வாரிக்கொண்டு போவதைக் கண்டித்து ஒரு கட்டுரை எழுதினார். "அப்பத்துக்குப் பதில் கல்" என்று அதற்குத் தலைப்பு. மலைப்பிரசங்கத்தைப் படித்தவர்களுக்கு அந்தத் தலைப்பு எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டியதில்லை. அப்பம் கேட்கும் பிள்ளைக்கு எந்தத் தகப்பனும் செய்யத் துணியாத காரியத்தைச் சர்க்கார் செய்கிறது என்பது அதன் பொருள். சர்க்காருக்கும் பொருள் புரிந்தது. சிறைவாசம் கிடைத்தது.

ஜபல்பூர்ச் சிறையில் அவர் இரண்டு நூல்கள் எழுதினார். ஒன்று நிலைத்து நிற்கும் பொருளாதாரத்தைப் பற்றியது. மற்றொன்று இயேசுவின் வாழ்க்கையையும் உபதேசத்தையும் பற்றியது. இரண்டுக்கும் 1945-இல் மகாத்மாஜி முன்னுரை எழுதினார். நூல்நிலையங்களில் முதல் நூலைப் பொருளாதார அலமாரியிலும் இரண்டாவதை மத அலமாரியிலும் வைத்துவிடுகிறார்கள். ஒரே அறையில், ஒரே மனிதர், ஒரே தண்டனைக் காலத்தில் எழுதியவற்றை இப்படிப் பிரித்துவைப்பதால், முதலாவதைப் படிப்பவர்கள் அதன் வேரைக் காண்பதில்லை. இரண்டாவதைப் படிப்பவர்கள் அதன் பழத்தைக் காண்பதில்லை.

சுயராஜ்யம் வந்தது. ஆலைகளின் பக்கமே சர்க்காரின் நாட்டம் சென்றது. குமரப்பா சொன்னதைக் கேட்பவர்கள் குறைந்தார்கள்; அவர் சொல்வதை நிறுத்தவில்லை. ரத்த அழுத்தத்தால் உடம்பு தளர்ந்தபின் மதுரை ஜில்லா தே. கல்லுப்பட்டி காந்தி நிகேதனத்தில் வந்து தங்கினார். அவருடைய குடிலில் ஓர் ஏழைக் கிராமவாசியின் படம் மாட்டியிருந்தது. அது யார் என்று கேட்டவர்களிடம், மகாத்மா காந்தி தம்முடைய எஜமானர் என்றும், படத்திலிருப்பவர் தம் எஜமானருக்கு எஜமானர் என்றும் அவர் சொல்வது வழக்கம். 1960-ஆம் வருஷம் ஜனவரி மாதம் 30-ந் தேதி, மகாத்மாஜி மறைந்த அதே தேதியில், மதுரையில் அவர் காலமானார். படத்திலிருந்த கிராமவாசியின் பெயர் எந்தப் புஸ்தகத்திலும் நம் கண்ணில் படவில்லை.